கடைசிக் கழுவல்

அடுத்து வரும் நோயாளியின் பெயரைப் பார்த்ததும் டாக்டர் நித்தியா வேண்டிக்கொண்டாள்: இது வேறொரு புஷ்பாவாக இருக்கட்டும். இந்தப் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் ஒரே ஒரு புஷ்பாவா இருக்கிறார்?

கதவு திறந்தது. அவரேதான். இடது கன்னம் கொழுக்கட்டையை அடக்கியதுபோல் வீங்கியிருந்தது. அதைத் துவாலையால் மறைத்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டு வந்தவர்போல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நித்தியாவின் அம்மாவும் அவரும் எஸ்டேட்டில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் குடியிருந்தவர்கள். எண்ணெய் எடுக்கும் ஒரே செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கியவர்கள். நம்ம எஸ்டேட்டுப் பிள்ளை பல் டாக்டராகிவிட்டது என்று வீடுவீடாகச் சொல்லி ஆள் அனுப்பியவரும் இவர்தான்.

"நான்தாம்மா கெடுத்துட்டேன். அந்தப் பக்கம் கடிக்காதீங்கன்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. முறுக்கைக் கடிச்சிட்டேன். இந்த வாய் சும்மா இருக்கணும்லா."

நித்தியா திரையில் எக்ஸ்ரேயைப் பார்த்தாள். வேரின் நுனியில் சீழின் கருநிழல் படர்ந்திருந்தது. முறுக்கைக் கடித்ததால் வந்தது அல்ல அது.

பல்லின் வேர்க்குழாயை ஃபைல் என்னும் மெல்லிய அரத்தால் சுரண்டிய பிறகு, மருந்து நீரை ஊற்றி, மெல்லிய ஊசிமுனை ஒன்றை உள்ளே விட்டு அதிர வைக்கவேண்டும். நீர் குலுங்கினால்தான் ஃபைல் எட்டாத சந்துபொந்துகளுக்குள் புகுந்து மிச்ச அழுக்கைக் கிளப்பும். போன முறை புஷ்பாவுக்கு அவள் மருந்தை ஊற்றினாள், உறிஞ்சி எடுத்தாள், பல்லை அடைத்துவிட்டாள். அதிர வைக்கவில்லை. வெளியே கோலசிலாங்கூரிலிருந்து வந்த ஒரு பெண் காத்திருந்தாள். எல்லாவற்றையும் இணையத்தில் படித்துவிட்டு வந்து, இதைச் செய்வீர்களா, அதைச் செய்வீர்களா என்று கேட்கிறவள். அவளைக் காக்க வைக்கக்கூடாது என்று தோன்றியது. புஷ்பா ஆண்ட்டி ஒன்றும் கேட்கமாட்டார் என்றும் தோன்றியது.

வெறும் அவசரம் என்றால் நித்தியா தன்னை மன்னித்திருப்பாள். ஆனால் அடுத்து வந்து படுத்த அந்தப் பெண்ணுக்கு அவள் அவசரப்படவில்லை. குழாய் குழாயாக, பொறுமையாக நீரைக் குலுக்கினாள்.

எஸ்டேட் கிளினிக்கில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரெஸ்ஸர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மாத்திரையை நீட்டுவார் என்று அம்மா இன்றைக்கும் கசப்போடு சொல்வார். அந்த ஆளை நித்தியா பலவிதமாகக் கற்பனை செய்ததுண்டு. ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், அடுத்த ஆளை நினைத்துக்கொண்டே அதைச் செய்திருப்பார் என்று மட்டும் தோன்றியதில்லை.

பல்லைத் திறந்து மறுபடி கழுவவேண்டும், நேரம் பிடிக்கும் என்றாள் நித்தியா. புஷ்பா கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப்போய் எதுக்கும்மா இவ்ளோ நேரம்? வெளிய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க. பிடுங்கிப் போட்டுடு. எங்க காலத்துல யாரு வேரையெல்லாம் கழுவிக்கிட்டு இருந்தா? ஒரு பல்லு போனா சோறு இறங்காமலா போயிடும்?" சிரிக்கப் பார்த்தவர் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

உதவியாளர் நட்டாலி, இடுக்கியை எடுக்கவா என்பதுபோல் பார்த்தாள்.

காப்பாற்றக்கூடிய பல் அது. ஆனால் பிடுங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது. அவள் செய்யாமல் விட்டதும் பல்லோடு குப்பைக்குப் போய்விடும். பழியை முறுக்கு சுமந்துகொள்ளும். நித்தியாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி ஒரு நிம்மதி தனக்குள் வந்ததே என்றுதான் உடம்பெல்லாம் கூசியது.

"முறுக்கால இல்ல, ஆண்ட்டி." என்றாள் நித்தியா. "அன்னிக்கு நான் சரியாக் கழுவல. மத்தவங்களுக்குச் செய்யறத உங்களுக்குச் செய்யாம விட்டுட்டேன்."

நட்டாலி தலையைக் குனிந்துகொண்டாள். புஷ்பா நித்தியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் ஒரு வருத்தம் வந்து, நிற்காமல் போனது. பிறகு, கீழே விழப்போகும் பிள்ளையைப் பிடிக்கிறவர்போல் அவள் கையைப் பற்றினார்.

"இதை வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத. எவனும் வரமாட்டான் அப்புறம். பிடுங்கிடு சாமி, நம்மளோட போகட்டும்."

நித்தியா கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, விளக்கை அவர் வாயருகே இழுத்தாள்.

"இல்ல ஆண்ட்டி," என்றாள். "பிடுங்கமாட்டேன்."