கூடையைத் தூக்கிவிடாத குடியரசு

1

இந்தக் கதை ஒரு போண்டாவிலிருந்து வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த பங்குனி. மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் சின்ன ஊர் ஒன்றில் கூட்டம் போட்டார்கள். முடிந்ததும் டீயும் போண்டாவும் உண்டு என்றார்கள். அது என் ஊர் இல்லை. இருந்தாலும் போனேன். அந்த வருஷம் எங்கள் பக்கம் ஜீப் வராத நாள் இல்லை. ஒரு ஜீப் பாத்திரம் கொடுக்கும். ஒரு ஜீப் வலை கொடுக்கும். இன்னொன்று, எப்படி அழுதால் மனசு ஆறும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும். அன்றைக்கு வந்த ஜீப் கொஞ்சம் பெரிய ஆசாமி. ஒரு அரசாங்கத்தையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தது.

அரசாங்கம் என்றால், அரசாங்கமே இல்லாத அரசாங்கம். கௌதமன் என்ற இளைஞர் ஒரு சார்ட்டில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டினார். நடுவில் ஆள். அவரைச் சுற்றி ஊர். ஊரைச் சுற்றிப் பல ஊர். மேலே யாரும் கிடையாது, கீழே யாரும் கிடையாது. போலீஸ் வேண்டாம், கோர்ட்டு வேண்டாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். தப்பு செய்தவரை அடிக்கக் கூடாது. அவரோடு ஒத்துழைக்காமல் இருந்தால் போதும், தானாக மனம் மாறுவார்.

"ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்.

ஊரே தூக்கியது. உப்பு சுமக்கும் வேலம்மாளும் தூக்கினாள். அதை நான் பார்த்தேன். என் கை போண்டாவில் இருந்தது.

(உப்பு என்றதும் காந்தியைக் கூட்டிக்கொண்டு வராத எழுத்தாளர் கிடையாது. நான் கூட்டிவரப் போவதில்லை. ஜீப் கண்ணாடியில் அவர் படம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் அவர் பங்கு.)

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

உப்பளத்தின் மேல் வெயில் வெள்ளித் தகடாக விரிந்து

வேண்டாம். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது வெயில். கண் எரியும், கால் வெடிக்கும். தகடெல்லாம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு.

இரண்டாவது ஆரம்பம்:

எல்லாரும் சமமாக வாழ்ந்த ஓர் ஊரில் வேலம்மாள் என்றொரு பெண்

இதுவும் வேண்டாம். 'சமமாக' என்ற சொல்லை எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கதையே அதைப் பற்றித்தான். முதல் வரியிலேயே பொய் சொன்னால் மீதியை யார் நம்புவார்கள்?

மூன்றாவது ஆரம்பம் நீங்கள் படித்துக்கொண்டிருப்பது.

3

கௌதமனைப் பற்றி ஒரு சந்தேகம் தீரவில்லை.

முதல் தடவை எழுதும்போது அவரைத் திருடராக்கிவிட்டேன். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் கோட்டக்குப்பம் பக்கம் மனை வாங்குவதாக ஒரு பக்கம் எழுதினேன். அருமையாக வந்தது. வாசகர்கள் உடனே நம்புவார்கள், ஜீப்பில் வருகிறவர்களைப் பற்றி என்ன எழுதினாலும் நம்புவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் கதை அதோடு செத்துப்போனது. திருடர் சொன்ன திட்டம் கெட்டுப்போனால் அதில் என்ன இருக்கிறது? அதனால் கிழித்துவிட்டு அவரை நல்லவராக்கினேன். ஊரார் சாப்பிட்டதையே சாப்பிட்டார், சிமெண்டுத் தரையில் படுத்தார், யாரையும் ஒருமையில் கூப்பிடவில்லை.

நல்லவர் வந்ததும் கதை மோசமாகிவிட்டது. நான் என்ன செய்ய?

4

வைகாசியில் வேலம்மாளின் மண்டை உடைந்தது.

புருஷன் செத்து ஆறேழு வருஷம். அவள் குடிசைக்குப் பின்னால் இருந்த இடத்தில் கொழுந்தன் அர்ச்சுனன் சுவர் எழுப்ப வந்தான். அவள் குறுக்கே போய் நின்றாள். அவன் உப்பு வாரும் மரப்பலகையை எடுத்து ஓங்கியபோது அவன் கண்களில்

(அவன் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பலகை இறங்கியது. அதுதான் தெரியும்.)

ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டு, அப்படியே மரக்காணம் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் இரண்டு போலீஸ்காரர்கள் ஊருக்குள் வந்து அர்ச்சுனனைத் தேடினார்கள்.

அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. அர்ச்சுனன் சபையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "புத்தி கெட்டுப் போச்சு, மன்னிச்சிடுங்க" என்றான். ஊர் மன்னித்தது. மனம் மாறிவிட்டாரே!

பிறகு ஊர்ப் பெரியவர் தெய்வசிகாமணி வேலம்மாள் பக்கம் திரும்பினார். அவள் தலையில் கட்டு இருந்தது.

"அவன் உழுந்துட்டான். நீ போயி புகாரை வாபஸ் வாங்கிடு."

"என்னான்னு மாமா சொல்றது? அடிக்கலைன்னா?"

"ஊருக்குள்ள பேசி முடிச்சிட்டோம்னு சொல்லு."

"பேசுனது நீங்க. தையல் எனுக்குப் போட்டிருக்குது."

"போலீஸ் வாணான்னு எல்லாருந்தான கை தூக்குனோம். நீயுந்தான தூக்குன?"

அவள் தூக்கியது உண்மை.

வாபஸ் வாங்கும்வரை யாரும் அவளோடு பேசக் கூடாது, கூட வேலை செய்யக் கூடாது என்று முடிவானது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவளைத் தவிர. அவள்தான் இப்போது ஊரில் சேர்த்தி இல்லையே, கணக்கில் வரமாட்டாள்.

5

உப்பளம் பார்க்காதவர்களுக்கு இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தண்டனை உங்களுக்கு இலேசாகத் தெரியும்.

பாத்தியில் வாரிய உப்பை வரப்பில் குவித்து வைப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் நிரப்பி, தலையில் சுமந்து ரோட்டோரம் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஈர உப்பு கல்லைப் போலக் கனக்கும். நிறைந்த கூடையை எந்தப் பெண்ணாலும் தனியாகத் தன் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே ஒருத்தி நின்று ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். வேலம்மாளுக்குச் சாலம்மாள் தூக்கிவிடுவாள். சாலம்மாளுக்கு வேலம்மாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான். சண்டை போட்ட நாட்களில்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு தூக்கிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் வேலம்மாள் கூடையை நிரப்பிவிட்டு, சும்மாட்டைத் தலையில் வைத்து, குனிந்து ஒரு விளிம்பைப் பிடித்தாள். எதிர் விளிம்பைப் பிடிக்க யாரும் வரவில்லை. சாலம்மாள் அர்ச்சுனன் பெண்டாட்டியின் கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் திட்டவில்லை. தொடவில்லை. ஊர் அவளை ஒன்றுமே செய்யவில்லை. ஒரு கூடையைத் தூக்கிவிடவில்லை, அவ்வளவுதான்.

பாதிக் கூடை உப்பை மடியில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு ஏற்றி, கழுத்தை வளைத்துத் தலைக்குத் தள்ளினாள். அன்று முழுக்க அப்படியே சுமந்தாள். தையல் போட்ட இடத்தில் உப்புத் தண்ணீர் வழிந்தது. மேஸ்திரி பார்த்துவிட்டு வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "அரைக் கூடைக்கு ஆள் வாணாம். நாளையிலிருந்து முழுக் கூடை தூக்கறவங்க வந்தா போதும்."

வேலம்மாளுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த ஊரில் யார் கொடுப்பார்கள்? அதனால் பொழுது விடிவதற்குள் அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போய் 'அடி வாங்கவில்லை' என்று பெருவிரலை வைப்பது. அல்லது உப்பளத்தை விடுவது.

6

அன்று மாலையே விஷயம் கௌதமன் காதுக்குப் போனது. ஜீப்பைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, இது ஊர்விலக்கு. நான் சொன்னது இது இல்லை."

"இன்னா தம்பி இப்படிப் பேசுறீங்க?" தெய்வசிகாமணிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அடிக்கக் கூடாதுன்னீங்க. அடிச்சமா? ஒத்துழைக்காம இருங்கன்னீங்க. இருக்கிறோம். எங்க தாத்தா காலத்திலயே இது இருந்துது, நீங்க வந்து நல்ல பேர் வச்சீங்க. அவ்ளோதான?"

"அடிச்சவரோட இல்ல ஒத்துழைக்காம இருக்கணும்?"

"அவன் மனசு மாறிட்டானே. மாறாதது இவதான்."

"திரும்பக் கூட்டம் போடலாம்."

"போடலாமே. எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்திடலாம். அர்ச்சுனனும் ஒத்துக்கணும்."

கௌதமன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கெட்டவராகவே விட்டிருந்தால் இந்த அவஸ்தை அவருக்கு வந்திருக்காது.

7

மறுநாள் விடிந்ததும் வேலம்மாள் உப்பளத்தில் இருந்தாள். ஸ்டேஷனுக்குப் போகவில்லை. பாதிக் கூடையும் இல்லை, கோபுரம் வைத்து நிரப்பினாள்.

வரப்பில் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கௌதமன் வந்தார். ஒன்றும் பேசாமல் எதிர் விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவள் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டாவது கூடையையும் தூக்கிவிட்டார். அவள் அதையும் கொட்டிவிட்டு வரும்போது மற்ற பெண்கள் எல்லாரும் தங்கள் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. அத்தனை அழகான போராட்டத்தைக் கௌதமன் படத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மேஸ்திரி கத்த ஆரம்பித்தார்.

"போ தம்பி" என்றாள் வேலம்மாள்.

"நீங்க நேத்தே என்கிட்ட வந்திருக்கலாம்மா."

"வந்தா? நீ சாயங்காலம் ஜீப்புல ஏறிடுவ. நாளைக்கு யாரு தூக்கிவிடுறது? போ. அவங்க பொழப்பையும் கெடுக்காத."

அவர் போனார். பெண்கள் எழுந்தார்கள். வேலம்மாள் மூன்றாவது கூடையை நிரப்பிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ரோட்டோரம் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு சாலம்மாள் அந்த வரப்பில் வந்துகொண்டிருந்தாள். ஒற்றையாள் வரப்பு. வேலம்மாளைத் தாண்ட வேண்டுமென்றால் பாத்தித் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும்.

"ஏ சாலம்மா" என்றாள் வேலம்மாள். அவளைக் கெஞ்சவில்லை. இத்தனை வருஷமாகக் கூப்பிட்ட அதே குரல். "சும்மாடு நழுவுது. சீக்கிரம் வா."

சாலம்மாள் நின்றாள்.

8

இங்கே மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் சாலம்மாள் தூக்கிவிட்டாள். படிக்கக் கேட்டவர்கள் எல்லாருக்கும் பிடித்தது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் சாலம்மாளின் கூடையை யார் தூக்கிவிடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவதில் சாலம்மாள் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டாள். படித்தவர்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள்.

மூன்றாவதில் திடீரென்று மழை கொட்டி உப்பெல்லாம்

அது கோழைத்தனம். விட்டுவிட்டேன்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். என் கதைக்கும் தலைவர் கிடையாது, போலீஸ் கிடையாது. படிக்கிறவர்கள் எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒத்துக்கொண்டால் அப்படியே எழுதிவிடுகிறேன். உங்களில் யாராவது ஒருத்தர் மட்டும் முடியாது என்று பிடிவாதம் பிடித்தால் அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். அவரோடு பேசாமல் இருந்தால் போதும். மாறிவிடுவார்.

அதுவரை கூடை தரையில்தான் இருக்கும்.