கழுத்துப் பொத்தான்

சட்டையை விரிக்கிறார் அரசு வழக்கறிஞர் ரெஜினா மேடம், துணிப்பையின் அரக்கு முத்திரையை உடைத்து, தோள்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஜவுளிக்கடையில் விரித்துக் காட்டுவார்களே அப்படி, எனக்கும் நீதிபதிக்கும் நடுவில் தூக்கிப் பிடிக்கிறார், வெள்ளைச் சட்டை, வயிற்றுப் பக்கம் ரத்தம் காய்ந்து பழுப்பேறி மொடமொடவென்று நிற்கிறது, காலரில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், சான்றுப் பொருள் இரண்டு, சட்டைக்கு எண் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது, நான் அரசுத் தரப்பு சாட்சி ஒன்று, என் வீட்டுக்காரருக்குத்தான் ஒன்றும் இல்லை, அவர் வெறும் இறந்துபோன வெயிலுமுத்து, இது யாரோடதும்மா என்று மேடம் கேட்கிறார், நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், எதிரே குற்றவாளிக் கூண்டில் கார்மேகம் குளித்துத் திருநீறு பூசிக் கைகட்டி நிற்கிறான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி, நாசமாய்ப் போகிறவன், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுகிறது, சட்டையின் கை லேசாக ஆடுகிறது, உள்ளே அவர் கை இருப்பதுபோல எனக்குத் தோன்றுகிறது.

கழுத்துப் பொத்தான் வரை போடுகிற மனிதர் அவர், சித்திரை வெயிலில்கூடப் போடுவார், பனியன் மட்டும் ஆகாது, உடம்பு சுடும் என்பார், என்னங்க, மூச்சு முட்டலையா, தாலி கட்டப் போற மாப்பிள்ளை கணக்கா என்னத்துக்கு இம்புட்டு இறுக்கம் என்று கேலி செய்வேன், திறந்து போட்டுத் திரிஞ்சா ரவுடிப்பய மாதிரி இருக்கும்டி, நாலு பேரு வந்து போற எடம் என்பார், நாலு பேர் வந்துபோகிற இடம் என்றால் அவர் வேலை பார்த்த எடை மேடை, பஞ்சு லாரிகள் ஏறி நிற்கும், என்ன எடை காட்டுகிறதோ அதைத்தான் எழுதுவார், கார்மேகம் பஞ்சுத் தரகன், தன் லோடுக்குக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னான், முதலில் சிரித்துக்கொண்டு சொன்னான், பிறகு முறைத்துக்கொண்டு சொன்னான், இவர் எழுதவில்லை, அவ்வளவுதான் விஷயம், இதற்காக ஒருவன் காலை நேரத்தில் வீடு தேடி வந்து, கோலம் காயாத வாசலில் நின்று, வெயிலண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டு, வெளியே வந்தவர் வயிற்றில் கத்தியைச் சொருகுவானா என்றால், சொருகினான், நான் சோற்றுக் கரண்டியோடு வந்து பார்த்தேன், கத்தியை உருவிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தே போனான், ஓடக்கூட இல்லை.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், வலியே இல்லாதவர்போல, நீலக் கட்டம் போட்ட சட்டை, கிழிசலைக் கையால் மூடிக்கொண்டு, ஆட்டோவக் கூப்பிடு, சட்டைய மாத்திவிடு என்கிறார், கிழிஞ்ச சட்டையோடயா என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ, நான் மாற்றினேன், இப்போதும் மாற்றிக்கொண்டிருக்கிறேன், கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, என் துண்டை வயிற்றில் சுற்றி, ஒரு கை, இன்னொரு கை, பொத்தான்களை நான் போட்டுக்கொண்டே வர, கழுத்துப் பொத்தானை அவரே போடப் பார்க்கிறார், விரல் வழுக்குகிறது, நான் போட்டுவிடுகிறேன், ஆட்டோ வர நேரமாகிறது, நீலச் சட்டை தரையில் கிடக்கிறது, ரத்தம் பட்ட துணியைத் தண்ணீரில் போடவேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் சொல்லித் தரவேண்டாம், என் கை அதை வாளியில் போட்டது, தண்ணீர் சிவந்தது, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ நின்றபோது வெள்ளைச் சட்டையும் சிவந்திருந்தது, அவர் கண் திறந்திருந்தது, டாக்டர் கழுத்துப் பொத்தானைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இதையெல்லாம் அன்றைக்கே இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன், சட்டையை மாற்றியதை, வாளியை, அவர் தலையில் அடித்துக்கொண்டார், ஏம்மா, முக்கியமான சாட்சியத்தை ஊறப் போட்டுட்டு வந்து நிக்கிற, துவைச்ச துணிய வச்சு நான் என்னத்தைச் செய்ய என்றார், ஓட்டையே இல்லாத வெள்ளைச் சட்டையை ஆஸ்பத்திரியில் பொட்டலம் கட்டித் தந்திருந்தார்கள், அதற்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார், சம்பவத்தின்போது என் கணவர் பொத்தான் போடாமல் சட்டையைத் திறந்துவிட்டிருந்தார் என்று, நான் சொல்லாததை நான் சொன்னதாக, நான் நீலச் சட்டையை அலசிக் காயவைத்துப் பெட்டியில் வைத்தேன், தைக்க ஊசியில் நூல் கோத்தேன், பிறகு என்னவோ தோன்றி வைத்துவிட்டேன், யாராவது கேட்டு வருவார்கள் என்று நினைத்தேனோ என்னவோ, யாரும் வரவில்லை, வழக்கு மட்டும் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நடந்தது.

நான் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் நீதிமன்ற வராந்தாவில் ரெஜினா மேடம் என்னைத் தனியே கூப்பிடுகிறார், கறுப்பு கவுன், அதட்டாத குரல், வயித்துல குத்துன்னு டாக்டர் சொல்றாரு, சட்டையில ஓட்டை எங்கம்மா, நான் சொன்னேன், சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை, அந்த நீலச் சட்டைய அன்னிக்கே எடுத்திருந்தா அதுவே போதுமேம்மா, ஊறினாலும் அலசினாலும் ரத்தம் முழுசாப் போகாது, ஆய்வுக்கூடத்துல கண்டுபிடிச்சிருப்பாங்க, ஓட்டையும் காயமும் பொருந்தியிருக்கும் என்றார், இப்பக் கொண்டுவரட்டுமா மேடம் என்றேன், இத்தனை வருஷம் உங்க பெட்டியில இருந்ததைக் கோர்ட்டு நம்பாதும்மா, தூணருகே நின்ற இன்ஸ்பெக்டர் சொன்னார், எதுக்கு மேடம் வம்பு, எழுதினபடி சொல்லட்டும், சட்டை திறந்திருந்துச்சு, அம்புட்டுதான், அவன் ஆயுசுக்கும் உள்ள கிடப்பான், மேடம் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார், நான் உங்க வக்கீல் இல்லம்மா, அரசாங்கத்தோட வக்கீல், அவனை உள்ள தள்ளுறது என் வேலை இல்ல, நடந்ததைக் கோர்ட்டு முன்னால வைக்கிறதுதான் என் வேலை, பொய்னு தெரிஞ்சதை என் வாயால கேக்க மாட்டேன், எனக்கு மேடத்தை அறையவேண்டும்போல இருந்தது, செத்தது உன் புருஷனா என்று கேட்கவேண்டும்போல இருந்தது.

இது யாரோடதும்மா, மறுபடியும் கேட்கிறார், சட்டை ஆடுகிறது, என் வீட்டுக்காரரோடது என்கிறேன், குத்துப்பட்டப்போ இதைத்தான் போட்டிருந்தாரா, இன்ஸ்பெக்டர் கதவோரம் நின்று கண்ணைக் காட்டுகிறார், ஒரு வார்த்தை போதும், ஆமாம், திறந்து விட்டிருந்தார், சொன்னால் கார்மேகத்துக்கு ஆயுள், ஆனால் வாயெடுத்தால் அவர் என் முன்னால் வந்து நிற்கிறார், நெஞ்சு தெரியத் திறந்த சட்டையோடு, என் மனிதராக இல்லாமல் வேறு எவனோ ஒருவனாக, செத்தவரை இன்னொரு தரம் அவிழ்த்துவிட என்னால் ஆகவில்லை, இல்ல மேடம், நீலக் கட்டம், கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருந்தாரு, நான்தான் மாத்திவிட்டேன் என்றேன், மேடம் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார், சொல்லுங்கம்மா, நடந்தது முழுக்கச் சொல்லுங்க, சொன்னேன், அதற்குப் பிறகு எதிரியான கார்மேகத்தின் வக்கீல் எழுந்தார், போலீஸில் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா, நான் சொன்னதை அவுக எழுதலைங்கய்யா, குத்துப்பட்ட புருஷன் துடித்துக்கொண்டிருக்க எந்த மனைவியாவது சட்டை மாற்றிக்கொண்டு நிற்பாளா, பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், நான் நின்னேன்யா என்றேன்.

தீர்ப்பு நாளில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான், ஒரே நேரடி சாட்சியின் கூற்று முன்னுக்குப் பின் முரணாக இருப்பதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, விடுதலை, கடைசியில் ஒரு வரி, சான்றுப் பொருட்கள் மதிப்பற்றவை என்பதால் மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழிக்கப்படவேண்டும், மதிப்பற்றவை, அந்தச் சொல் மட்டும் என்னோடு படியிறங்கியது, கார்மேகம் என்னைத் தாண்டிப் போனான், அன்றைக்குப் போலவே நடந்துதான் போனான், மேடமே கேஸைக் கெடுத்துட்டாங்க என்று இன்ஸ்பெக்டர் போகிறபோக்கில் சொன்னார், ரெஜினா மேடம் என் எதிரில் வந்து நின்றார், அப்பீலுக்கு எழுதறேம்மா, அரசாங்கம்தான் முடிவு பண்ணணும் என்றார், அவர் கண் கலங்கியிருந்தது, உங்க மேல எனக்குக் கோவம்தான் மேடம் என்றேன், இருக்கட்டும்மா என்றார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வேறு யார் கையைப் பிடிப்பது.

வீட்டில் பெட்டியைத் திறக்கிறேன், விரிப்பது மேடமா நானா தெரியவில்லை, தோள்பட்டையைப் பிடித்து விரிக்கிறேன், நீலக் கட்டம், வயிற்றுப் பக்கம் கிழிசல், ஓரத்தில் தேநீர்க் கறைபோல மங்கல், அட்டை இல்லை, எண் இல்லை, இதை அழிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை, இருப்பதே யாருக்கும் தெரியாது, இது யாரோடதும்மா, என் வீட்டுக்காரரோடது, குத்துப்பட்டப்போ இதைத்தான் போட்டிருந்தாரா, ஆமாம், இதைத்தான், கிழிசலைத் தைக்கப் போவதில்லை, கட்டிலில் கிடத்திக் கீழிருந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வருகிறேன், மூச்சு முட்டலையா என்று கேட்கிறேன், கழுத்துப் பொத்தானை அவர் போடட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன், பிறகு நானே போட்டுவிட்டேன்.