விளக்குக்கு எதிரே ஓர் இறக்கை

விலங்கியல் துறையில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். வவ்வால்களின் முன்கையை வெர்னியர் அளவுகோலால் அளந்து அளந்தே வருஷங்களை ஓட்டியவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அளந்து அவள் கண்டது இதுதான்: ஒரே இனம் என்றாலும், குளிர்ந்த மலையுச்சியில் வாழும் வவ்வால் சமவெளி வவ்வாலைவிட உருவத்தில் பெரியது.

துறைத் தலைவர் அதை ஒரே மூச்சில் தகர்த்தார். "நீங்க கீழே பிடிச்சதுல பாதி வளராத குட்டிங்கம்மா. சின்னதா இல்லாம வேற எப்படி இருக்கும்? ஆய்வேட்டுல இருந்து மலைப் பகுதியை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டால் மிஞ்சுவது அட்டைதான்.

அவர் சொன்னதைவிட, உள்ளுக்குள் எழுந்த கேள்விதான் அவளை அரித்தது. மலை வவ்வால் பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டோமோ? அந்த ஆசை வெர்னியரைப் பிடித்த விரலுக்குள்ளும் இறங்கிவிட்டதோ? கடைசியில் நாத்தனாரை வங்கிக்கு லீவு போடவைத்து ஆய்வகத்துக்கு இழுத்துவந்தாள்.

"அண்ணனைக் கூப்பிட வேண்டியதுதானே அண்ணி?" ஜாடிகளில் வவ்வால்கள் ஊறும் ஸ்பிரிட்டின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் நாத்தனார்.

"உங்க அண்ணனா? நான் சந்தோஷப்படணும்னு சுண்டெலியைக்கூட யானைன்னு சொல்வார். நீ சொல்ல மாட்டே."

"அது நிஜம். கல்யாணத்தன்னைக்கே உங்க புடவை நல்லால்லைன்னு சொன்னவளாச்சே நான்."

எந்த ஜாடி எந்த இடத்தது என்று தெரியாதபடி சீட்டுகளை மறைத்து, ஒவ்வொரு வவ்வாலாக நீட்டுவது நாத்தனாரின் வேலை. இவள் இறக்கையை விளக்குக்கு எதிரே விரித்துப் பார்த்தாள். குட்டி என்றால் விரல் மூட்டில் எலும்பு இன்னும் கூடியிருக்காது. அந்த இடைவெளியில் வெளிச்சம் கசியும். வளர்ந்ததற்கு மூட்டு முடிச்சுப்போல இறுகியிருக்கும். குட்டிகளை ஒதுக்கிவிட்டு, வளர்ந்தவற்றை மட்டும் புதிதாக அளந்தாள்.

எல்லாம் முடிந்ததும் நாத்தனார் சீட்டுகளைப் பிரித்தாள். "அண்ணி, உங்க தலைவர் சொன்ன மாதிரியே குட்டிங்க நிறைய இருக்கு."

அவள் வெர்னியரைக் கீழே வைத்தாள்.

"ஆனா கீழே இருந்து வந்தது கொஞ்சம்தான். முக்கால்வாசி மலைக்குட்டிங்க!"

சட்டென்று விளங்கியது. மேலே குளிர் விலக நாளாகும். பூச்சிகள் பெருகவும் நாளாகும். தாய்கள் பிந்தித்தான் ஈனும். வவ்வால்களைப் பிடித்த மாதத்தில் கீழே குட்டிகள் ஏறக்குறைய வளர்ந்துவிட்டிருந்தன, மேலே இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. அந்தப் பொடிசுகளையெல்லாம் மலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான், மலை வவ்வால் பெரிது என்று இத்தனை நாள் வாதாடியிருக்கிறாள்! அவற்றை விலக்கியதும் வித்தியாசம் இன்னும் கூடியது. ஆசை விரலைக் கோணலாக்கவில்லை. தன் பக்கத்துக்கு எதிராகவே தவறு செய்தும் ஜெயித்திருந்தாள்.

தலைவர் வந்தார். நம்பாமல் தானே இறக்கைகளை விரித்து விரித்துப் பார்த்தார். கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்.

"மலைல லேட்டா பொறக்கும்னு எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"எனக்கும்தான் சார்."

"அதையே முதல் அத்தியாயமாப் போடுங்க."

"போடத்தான் போறேன் சார்!" என்றாள். இவ்வளவு சத்தமாகத் தனக்குப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் கைதட்டிய தட்டலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவள் தலையைக் குனியவில்லை. எல்லோரையும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டாள்.