பத்துக்குப் பத்து

1

நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. வேறெங்கிருந்தோ வந்ததுபோல் தொடங்கிப் பார்த்தேன்.

‘கடல் அப்ரெஹெத்தின் கணவனை விழுங்கிய அன்று…’ (வேண்டாம். கடலில் தொடங்கினால் அழுதுவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.)

நடந்தது ஸ்வீடனில், ஒரு சுகாதார நிலைய அறையில், செவ்வாய்க்கிழமை. செவிலி குனில்லா கேட்டாள். எரித்திரியாவிலிருந்து வந்த அப்ரெஹெத் பதில் சொன்னாள். அவள் நாட்டுக்காரி நான், மொழிபெயர்த்தேன்.

2

“தூக்கம் எப்படி? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள சொல்லுங்க.”

“பத்து. கடவுளுக்கு நன்றி.”

“மனசு?”

“அதுக்கும் பத்தே போடச் சொல்லுடி.”

குனில்லா சிரித்தாள். “நானே ஆறைத் தாண்டினதில்லையே!”

“ஐயோ பாவம், இவளுக்கு என்ன கஷ்டமோ?”

அதையும் மொழிபெயர்த்தேன்.

[எங்களில் நலம் விசாரித்தால், வீட்டில் பிணம் கிடந்தாலும் முதல் பதில் ‘நலம்’தான். விருந்தாளிக்குக் காபியை மூன்று சுற்று ஊற்றுவோம்; மூன்றாம் சுற்றுவரை கூட உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் உண்மை. குனில்லாவின் படிவம் ஒரு முறைதான் கேட்கிறது.]

3

அவள் எனக்கு மேல்மாடியில், ஐந்தாம் தளத்தில் இருக்கிறாள். போன மாதம் அவள் வீட்டில், மூன்றாம் சுற்றுக் காபியில் சொன்னாள்: “பால்கனியில போய் நிக்கிறேன்டி. கீழ பனி மெத்தை மாதிரி தெரியுது. ஒரு எட்டு வச்சா போதும்னு தோணுது.”

“அக்கா!”

“கத்தாதே. யார்கிட்டயும் சொல்லிடாதே. பைத்தியம்னு எழுதிட்டா என் புள்ளைய இங்க வர விடமாட்டாங்க.”

மகன் எல்லை தாண்டி எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவில், விசாவுக்குக் காத்திருக்கிறான். அப்படி ஒரு சட்டம் கிடையாது என்றேன். அவள் நம்பவில்லை. நம்பும்படி நான் சொல்லவில்லையோ என்னவோ.

4

குனில்லா எண்களைக் கூட்டினாள். “இவங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. ஃபைலை மூடிடலாம். வேற ஏதாவது உண்டா?”

மொழிபெயர்ப்பவள் தன் சொல்லைச் சேர்க்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்ரெஹெத்திடம் கேட்காமலே “இல்லை” என்றேன். (அதுவும் என் சொல்தான். எழுதும்போதுதான் உறைக்கிறது.)

முதல் முடிவு: சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. எனக்கு அவள் கதவு மறுபடி திறப்பதில்லை.

இரண்டாம் முடிவு: சொல்வதில்லை. ஒரு காலையில் கீழே ஆட்கள் கூடி நிற்க, நான் ஜன்னலை…

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

5

இன்று வியாழன். குனில்லாவின் போன் எண் என்னிடம் இருக்கிறது. நாலரைக்கு மேல் எடுக்கமாட்டாள். இந்தப் பகுதியைத் தொடங்கியபோது மணி நாலு பத்து. மேலே போய் ‘உறைக்கிறது’ என்பதை அடித்துவிட்டு வேறு சொல் தேடினேன், கிடைக்காமல் அதையே திரும்ப எழுதினேன். இப்போது நாலு இருபத்திரண்டு. நீங்களாக இருந்தால் இன்னும் எழுதிக்கொண்டா இருப்பீர்கள்?