வலப்பக்கம் மேலே

...வலது கைதான் கடைசியாக வந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, வலது கை துணியைக் கொண்டுவந்து மேலே வைத்தது, இடது கை அமுக்கிப் பிடித்தது, கச்சையை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன், முதுகில் ஒரு தட்டு தட்டி, ஆச்சு, போங்க, என்றேன். அப்படியென்றால் வலப்பக்கம் மேலே. பொதுக் குளியல் வீட்டில் கழுத்துவரை வெந்நீரில் இருந்துகொண்டு எனக்குக் குளிரெடுத்தது. விடுதியில் கொடுக்கிற குளியல் அங்கியின் முன்மடிப்பில் இடப்பக்கம் மேலே வரவேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற விதம், எங்களில் பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அறுபத்திரண்டு வயதில் நான் என் புருஷனைப் பிணம் மாதிரி உடுத்தி, தெருவில் நடத்திக்கொண்டு வந்து, ஆண்கள் பக்கத்துத் திரைக்குள் அனுப்பிவிட்டு, இங்கே காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். சீ, என்ன பெண்பிள்ளை நான். ஆனால் நிஜமாகவே அப்படித்தான் கட்டினேனா... வரும் வழியில் பலகாரக் கடைக்காரி எங்களைப் பார்த்தாளே, கையில் ஆவி பறக்கும் உருண்டையோடு, பார்வை முதலில் கழுத்துக்குக் கீழே போனது, பிறகு தலையைக் குனிந்துகொண்டாள், நான் அதை மரியாதை என்று நினைத்துப் பதிலுக்குக் குனிந்தேன். மரியாதையாம்.

இரண்டு வருஷமாக அவருக்கு வலது தோள் உயராது, சட்டைப் பொத்தான் முதல் எல்லாம் நான்தான், அதோடு போன இளவேனிலில் இதய அடைப்புக்கு இரண்டு கம்பிச்சுருள் வைத்தார்கள். குளிர்காலத்தில் பனியிலிருந்து நேராக வெந்நீரில் இறங்க வேண்டாம், போன வருஷம் மட்டும் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் போனார்கள் தெரியுமா, என்று டாக்டர் எண்ணிக்கையோடு சொன்னார், இவர் தலையாட்டிவிட்டு வெளியே வந்ததும், அந்தாளுக்கு வெந்நீர்ன்னா என்னன்னே தெரியாது, என்றார். வருஷா வருஷம் ஜனவரியில் நண்டு சாப்பிட இந்தக் கடற்கரைக்கு வருவோம், கல்யாணமான வருஷத்திலிருந்து, மாமியார் படுக்கையில் கிடந்த பதினோரு வருஷம் தவிர. இன்று காலையில் பேருந்தில் போய்ப் பாறைகளைப் பார்த்தோம். கடல் நுரை கட்டி கட்டியாகப் பிய்ந்து சாலைமேல் பறந்து வந்தது, ஒன்று வந்து அவர் தொப்பியில் ஒட்டிக்கொண்டது, சோற்றுக் கஞ்சி ஆறிப்போன மாதிரி இருந்தது, தட்டிவிட்டேன், கையில் வழவழவென்று நின்றது. அவர் சிரித்தார். கினுயோ, அடுத்த வருஷம் ரெண்டு ராத்திரி தங்கலாம், என்றார். அடுத்த வருஷம். என் துணிப்பையில், துண்டுக்கு அடியில், நான்காக மடித்த தாள் இருந்தது, இப்போதும் உடைமாற்றும் அறையில் என் கூடைக்குள் இருக்கிறது, விடுதி அறையில் விட்டுவந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று எடுத்து வந்தேன். பச்சைக் கோடு போட்ட விவாகரத்துத் தாள். என் பெயர் எழுதி முத்திரையும் குத்தியாயிற்று, அவர் கட்டம் காலி. இன்று சாயங்காலம் நண்டு தின்று முடித்ததும் நீட்டுவதாக ஏற்பாடு. வயிறு நிறைந்திருந்தால் மனுஷன் நிதானமாக இருப்பார் என்று கணக்கு, என் புத்தியைப் பார்.

அவரைப் பிடிக்காமல் இல்லை, அதுதான் எரிச்சல். மாமியாரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டி, பதினோரு வருஷம். கட்டில் கம்பியில் கைத்தடியால் இரண்டு தட்டு தட்டுவாள், டொக் டொக், இரண்டு தட்டு என்றால் வா. நான் அடுப்படியில் இருந்தாலும் கழிவறையில் இருந்தாலும் டொக் டொக். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது, விருந்தாளிகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள், அவர் கதவைச் சாத்திவிட்டு, அப்பாடா, என்றார், அடுத்த மூச்சில், டீ இருக்கா. அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை. அந்த டீயை ஊற்றும்போதுதான், விவாகரத்துத் தாள் வாங்க நகராட்சி அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யோசித்தேன். மாமியாருக்குக் கடைசியாக உடுத்தியது நான்தான், சவக்காரியப் பையன், அம்மா, வலப்பக்கம் மேல வரணும், மறந்துடாதீங்க, என்று மெல்லச் சொன்னான், மறக்கவில்லை. கை அதைக் கற்றுக்கொண்டுவிட்டதா... அல்லது கைக்கு வேறு எண்ணமா? அவர் கட்டம் காலியாகவே இருக்கட்டும், தாளை நீட்டுகிற சங்கடமே வேண்டாம், வெந்நீரே பார்த்துக்கொள்ளட்டும் என்றா? இல்லை. சத்தியமாக இல்லை. இவ்வளவு வேகமாக இல்லை என்கிறேனே, ஏன்?

ஆண்கள் பக்கத்துக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது, மேலே ஆவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வரும். அவர் குளித்து எழும்புகிறபோது மரக்கிண்ணத்தால் தரையில் மூன்று தட்டுவார், நானும் எழுவேன், முப்பத்துநாலு வருஷப் பழக்கம். இன்னும் தட்டவில்லை. எவ்வளவு நேரம் ஆயிற்று, விரல் நுனி சுருங்கிப்போயிற்று. என்னங்க, இருக்கீங்களா, என்றேன் சுவரைப் பார்த்து. தண்ணீர் சொட்டுகிற சத்தம். கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். தொட்டியின் மறுகோடியில் இருந்த பருத்த அம்மாள் தலையில் துண்டோடு திரும்பி, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்மா, வாயி சாப்பிட மட்டும்தான் தெறக்கும், என்றாள். சிரிக்க முயன்றேன். அவள் பக்கத்தில் இருந்த இளம்பெண் சிரிக்கவில்லை. உடைமாற்றும் அறையிலும் அவள் என்னைப் பார்த்தாள், முகத்தை இல்லை, கழுத்துக்குக் கீழே, பார்த்துவிட்டுத் தன் கூடையை என் கூடையிலிருந்து இரண்டு அலமாரித் தட்டு தள்ளி வைத்துக்கொண்டாள், கிழவியின் தொங்கல் தோலைப் பார்த்து அருவருப்பு போலிருக்கிறது என்று நினைத்தேன். அங்கே தொட்டியில் முகம் கவிழ்ந்து... ஆண்கள் பக்கத்தில் வேறு யாராவது இருக்க மாட்டார்களா, பார்த்துச் சொல்ல மாட்டார்களா. போய்த் திரையை விலக்கிக் கத்தினால் என்ன, மானமா பெரிது. அப்போது தட்டினார். டொக் டொக். ஐயோ, என் உயிர் திரும்பி வந்தது, கண்ணில் நீரே வந்துவிட்டது, சுவருக்கு மேலே ஆவி ஆடியது, எழுந்தேன், எழுந்து கல்லில் கால் வைத்தபோது, மூன்றாவது எங்கே, என்று ஒரு நினைவு. தோள்வலி, கிண்ணம் நழுவியிருக்கும். நன்றாகத் துடைக்கவும் இல்லை, அங்கியைச் சுற்றி, கச்சையை இழுத்து, பஞ்சு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வாசலில் சீட்டு வாங்குகிற பெண், என்னம்மா, இப்படித் தலை ஈரத்தோட, என்றாள். எங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா, இப்பதான் தட்டினாரு, என்றேன். ஆம்பளைங்க பக்கமா? அங்க மூணு மணியில இருந்து ஈ காக்கா இல்லையே, இப்பதான் தண்ணி மாத்த நானே போய்ப் பாத்துட்டு வந்தேன், உங்க வீட்டுக்காரர் திரை வரைக்கும் போய்த் திரும்பிட்டாரு, ஏதோ தலை சுத்துதுன்னு சொல்லிட்டு வெளிய பெஞ்சில ஒக்காந்து... என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அவள் கண்ணும் அங்கேதான் போனது. கழுத்துக்குக் கீழே. மரச்செருப்பைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

அவர் பாலத்தை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தோளில் காய்ந்த துண்டு, மடியில் பனி. உயிரோடு. அங்கியைப் பார்த்தேன், மேலங்கிக்குள்ளிருந்து தெரிந்த கழுத்துப்பட்டி, இடப்பக்கம் மேலே. சரியாக இருந்தது. அவரால் தனியாக அவிழ்த்துக் கட்டவே முடியாது, நான் கட்டியது கட்டியபடியே இருந்தது. அப்புறம்தான் கணக்கு வந்தது, எதிரே நின்று கட்டினால் என் வலது கை பிடிப்பது அவருடைய இடப்பக்கத்தை, வலது கை கடைசியாக வந்தால் அவருக்கு அது சரி. அதே கையோடு, அதே வேகத்தில், எனக்கும் கட்டிக்கொண்டால்... குனிந்து பார்த்தேன். வலப்பக்கம் மேலே. பலகாரக் கடை, உடைமாற்றும் அறை, வாசல், அத்தனை பேரும் பார்த்தது என்னை.

சொல்லக் கூடாதா, என்றேன். ஊரே பாத்திருக்கு, நீங்க பாக்கலையா? அவர் மடியிலிருந்த பனியைத் தட்டினார், பாதிதான் போயிற்று. பாத்தேன், அறையிலயே பாத்தேன், என்றார். கை தவறிடுச்சுன்னு நெனச்சேன். இப்ப குளிச்சிட்டு வந்தும் அப்படியேதான் கட்டியிருக்க. பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு, நீ வேணும்னுதான் கட்டியிருக்கியோன்னு பயமாயிருந்துது, கேட்டா பதில் சொல்லிடுவியேன்னு கேக்கல, என்றார். துணிப்பையை ஒரு முறை பார்த்தார், பார்த்ததாக எனக்குத் தோன்றியது, உடனே பார்வையை எடுத்துவிட்டார். பயமாயிருந்தது என்று இந்த மனுஷன் வாயால் நான் கேட்டதே இல்லை, கம்பிச்சுருள் வைத்த அன்றுகூட. ஒரு தடவை என்றால் கை தவறியது. இரண்டாம் தடவை? மாமியார் கணக்கில் இரண்டு தட்டு என்றால் வா. அவர் தட்டவில்லை, ஆண்கள் பக்கத்தில் யாரும் இல்லை, நான் ஈரம்கூடத் துடைக்காமல் எழுந்து, அந்த உடுப்பை மறுபடி அதே மாதிரி சுற்றிக்கொண்டு, ஓடி வந்தேன், யார் கூப்பிட்டு? திருத்திக் கட்டு, யாரும் பாக்கல, என்று சொல்லி அவர் எழுந்து, உயராத தோளோடு தன் மேலங்கியை என் முன்னால் மறைப்பாகப் பிடித்தார், முப்பத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக. கச்சையின் முடிச்சை அவிழ்த்தேன். ஒரு பக்கத்தை வலது கையில் பிடித்தேன், ஒரு பக்கத்தை இடது கையில் பிடித்தேன், எது மேலே வரவேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்துகொண்டே எது முதலில் அசையப் போகிறது என்று அவரோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.