பாராசூட் மடித்தவர்

“குதிச்சார்னு போடுங்க.”

“மடிச்சார்னு போடுங்க. இவன் பேச்சைக் கேட்டு…”

“அக்கா, நான் பேசி முடிச்சிடறேன்.”

“நாற்பது வருஷமா நீதானேடா பேசறே.”

அச்சுக்கடைக்காரர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாத்தாவின் பட்டாளத்துப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி. கடை சாத்துவதற்குள் அது முடிவாக வேண்டும். நாளைக் காலை நூலகச் சுவரில் மாட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய அக்காவுக்கு, தாத்தா பெயரில் ஒரு பொய் சுவரேறுவதைவிட அந்த ஆணி தன் தலையில் இறங்கினாலும் தேவலை.

தாத்தா போர்க்காலத்தில் பாராசூட் மடித்தவர். நீளமான மேசை, பட்டுத்துணி, ஒவ்வொரு மூட்டையிலும் மடித்தவர் கையெழுத்துப் போட்ட சீட்டு. ஊர் திரும்பி, கல்யாணம் பண்ணி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுப் போர்வையெல்லாம் அவர்தான் மடிப்பார். சீட்டும் செருகுவார். ஒரு நுனியை இழுத்தால் போதும், போர்வை அறை முழுக்க விரிந்து மேசைமேல் இருக்கும் டம்ளரையும் தள்ளிவிடும். ‘அந்த முனையைக் கொஞ்சம் பிடி’ என்பார்; ஞாயிறுதோறும் பிடித்துக்கொண்டு நின்றது அக்காதான்.

தம்பிக்கு முடிதிருத்தும் கடை. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவருக்கெல்லாம் தாத்தா வானத்திலிருந்து குதித்த கதை இலவசம்.

“பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறச் சொன்னா காலு நடுங்கும் அவருக்கு,” என்றாள் அக்கா. “ஏறினது பாட்டி. ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டது இவர். இவரா குதிச்சார்?”

“ஒரே ஒரு தடவை.”

“போன மாசம் உன் கடையில ஏழு தடவைன்னியே.”

“அது ஷேவிங்குக்கும் சேர்த்து வந்தவர்கிட்ட. நேரம் இருந்துச்சு.”

அச்சுக்கடைக்காரர் இருமுவதுபோல் சிரித்துக்கொண்டார்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். “மடிக்கிறவங்கள்ல யாரை வேணா, எப்ப வேணா கூப்பிட்டு, நீ மடிச்சதைக் கட்டிக்கிட்டு நீயே குதின்னு சொல்லுவாங்களாம். அப்பத்தான் ஒழுங்கா மடிப்பாங்கன்னு. ஒரு நாள் இவரைக் கூப்பிட்டுட்டாங்க. நான் முடி வெட்டிவிடறப்ப சொன்னார். கண்ணை மூடிக்கிட்டேதான் குதிச்சாராம்.”

“நல்லா விடறே.”

“இறங்கினதும் அதிகாரி ஓடி வந்து, அடி பட்டுச்சான்னு கேட்டாராம். இவர் அதுக்குப் பதிலே சொல்லலை. ‘அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க சார்’னு சொல்லி, வயல்லயே மடிக்க ஆரம்பிச்சுட்டாராம்.”

அந்த வார்த்தை அக்காவுக்குத் தெரியும். தம்பிக்குக் கதையளக்கத் தெரியும். ஆனால் இதை அளக்க அவனுக்கு வராது. அவன் ஒரு நாளும் போர்வை பிடித்தவனில்லை.

“எழுதுங்க,” என்றாள். “பாராசூட் மடித்தார். ஒருமுறை, தாம் மடித்ததிலேயே குதித்தார்.”

“அந்த ‘ஒருமுறை’ அவசியமாக்கா?”

“அவசியம்.”

அச்சு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. தம்பி பெருமையாகத் திரும்பிப் பார்த்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்ட சொன்னவர், என்கிட்ட ஏண்டா சொல்லலை?”