பாட்டில் வாடை

"இன்னைக்கு ஒண்ணு அந்தப் பாட்டில் வீட்டை விட்டுப் போகணும், இல்ல நான் போகணும்!"

"பாட்டில் காலேஜ்ல இருக்குன்னு எத்தனை தடவைடி சொல்றது?"

"அப்ப இந்த நாத்தம் உங்க மூளையில இருந்தா வருது?"

வண்டு வாத்தியாருக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. கீழ்வீட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்தினாள். இந்த மாதிரி நேரத்தில் மெஷின் ஓடினால் காது சரியாகக் கேட்காது.

வண்டு வாத்தியாரைத் தெருவுக்கே தெரியும். பிணந்தின்னி வண்டுகளை ஆராய்கிறவர். செத்த எலியின் வாடை வீசும் கந்தக மருந்தைப் பொறியில் வைத்து வண்டுகளை ஏமாற்றுவது உத்தியோகம். போன மழைக்காலத்தில் அந்த மருந்துப் பாட்டில் ஒன்று வீட்டில் உடைந்தது. மாடியறையில் தனிக்கட்டையாக இருந்த மச்சான், பெண்டாட்டியின் அண்ணன், "இந்த நாத்தம் போறவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தங்கையிடம் கத்திவிட்டு ஏறிப் போனார். தங்கைக்கு மட்டும் வீம்பு இல்லையா? அவரே வந்து முதலில் பேசட்டும் என்று இருந்தாள். கொஞ்ச நாளாக மாடிக் கதவு சாத்தியே கிடந்ததற்கும், "ரோஷத்தைப் பாரு" என்று உதட்டைச் சுழித்தாள்.

இப்போது மறுபடி நாத்தம். யாரும் எங்கும் தேடவில்லை. எதற்குத் தேட? பழி போடத்தான் வீட்டிலேயே ஆள் இருக்கிறாரே.

ஆத்திரத்தில் அவருடைய பொறிப் பையைப் படிக்கட்டில் கொட்டினாள். எல்லாம் கழுவிக் காயவைத்த டப்பாக்கள். அப்போது ஆரஞ்சுப் பட்டை போட்ட கறுப்பு வண்டு ஒன்று பறந்து வந்து விழுந்தது. டப்பாக்களைத் திரும்பியும் பார்க்காமல், மீசையை ஆட்டிக்கொண்டு மேலே ஏறியது. பின்னாலேயே இன்னொன்று.

வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது. "இதுங்களுக்கு மூக்கே மீசை நுனியிலதான். செத்ததோட வாடை நமக்கு எட்டுறதுக்கு முன்னாடியே இதுங்களுக்கு எட்டிடும். இங்க என் மருந்து இல்லடி."

வண்டுகள் மாடிக் கதவின் இடுக்கில் நுழைந்தன.

"எலி ஏதாச்சும் செத்திருக்கும்" என்றாள். அவர் மாடிக் கதவை நிமிர்ந்து பார்த்தார்.

அவளே ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அண்ணே, நானே வந்துட்டேன் பாரு. நானே முதல்ல பேசிட்டேன். திற அண்ணே."

தையல்காரியின் புருஷன்தான் கடைசியில் கதவை உடைத்தான்.

வெள்ளையடித்த அந்த அறையில் இப்போது புதுசாகக் கல்யாணமான ஜோடி குடியிருக்கிறது. வாத்தியார் வேலையை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார். பெண்டாட்டியும் கூடத்தான் போனாள். அங்கே என்ன வாடை அடித்தாலும் சண்டை போடுவதில்லையாம். எழுந்து போய் அக்கம்பக்கத்துக் கதவையெல்லாம் தட்டுகிறாளாம்.